காலி பாட்டிலுக்குப் புது பாட்டில்

விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் நான் ஸ்டடி கோஆர்டினேட்டர். புது மருந்து ட்ரையலில் நோயாளிகளைச் சேர்ப்பது, மாத்திரை கொடுப்பது, மிச்சத்தைத் திரும்ப வாங்குவது என் வேலை. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கடைசி விசிட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திண்டிவனம் பக்கத்துச் சுமதிக்கு லூபஸ் என்ற, தோலையும் மூட்டையும் தாக்கும் நோய். முகம் சிவந்து, விரல் மூட்டெல்லாம் வீங்கி, கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க முடியாமல் வந்தார். ட்ரையலில் சேர்ந்த பிறகு விரல்கள் மடங்கின. பாட்டிலில் இருந்தது மருந்தா, வெறும் மாவு மாத்திரையா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது; ட்ரையல் விதி அப்படி.

ஒவ்வொரு விசிட்டிலும் பழைய பாட்டிலை வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுப்போம். மறந்து வருகிறவர்களைக் கடிந்துகொள்வேன். சுமதி மறந்ததே இல்லை.

கடைசி விசிட்டில் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, நீட்டிய கையோடு நின்றார்.

"ஸ்டடி முடிஞ்சிடுச்சு சுமதி. இனிமே இந்த மாத்திரை கெடையாது. வழக்கமா போடற மாத்திரைய மட்டும் டாக்டர் எழுதித் தருவாரு."

அவர் பையைக் கவிழ்த்துத் தேடினார். "எதனா பாட்டில உட்டுட்டனா மேடம்? எல்லாத்தையும் கரெக்டா கொண்டாந்து குடுத்துக்கினுதான இருந்தேன்?"

கேஸ் சிலிண்டர் மாதிரி நினைத்திருக்கிறார். காலியைக் கொடுத்தால் புதியது வரும் என்று. மருந்து நின்றுவிடும் என்பதை அவர் சேர்ந்த அன்றே வாசித்துக் காட்டியிருந்தேன். பக்கம் பக்கமாக வாசித்ததில் அதுவும் ஒரு வரி.

"உங்க மேல தப்பே இல்லைங்க."

"அப்ப இதுல மிச்சம் இருக்குதே, அதையாச்சும் குடுங்க."

"கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்."

"அவங்க இன்னா பண்ணுவாங்க?"

"எரிச்சிடுவாங்க."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரிங்க மேடம்" என்று பையை எடுத்துக்கொண்டு போனார். மிச்ச மாத்திரையைக் கவரில் போட்டு சீல் வைத்தேன்.

சில மாதம் கழித்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். முகம் மறுபடி சிவந்திருந்தது. பூக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவரே தேடி வந்தார்.

"மேடம், புதுசா எதனா ஸ்டடி வந்தா சொல்லுங்க. இந்தத் தபா ஒரு பாட்டில்கூட உடாம கொண்டாந்துடறேன்."

இப்போதெல்லாம், ட்ரையலில் சேர வருகிறவர்களிடம் மருந்து ஒருநாள் நின்றுவிடும் என்பதைத்தான் முதலில் சொல்கிறேன். அதை அவர்கள் வாயால் திரும்பச் சொல்ல வைத்த பிறகுதான் கையெழுத்து. "இப்படிப் பயமுறுத்தினா யாரும்மா சேருவாங்க?" என்கிறார் மேனேஜர். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். போகட்டும். அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் நான் ஒளிய வேண்டியதில்லை.