கடைசிச் சீட்டு

கல்லறைத் திருநாள் பூசைக்கு, இறந்தவர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். எங்கள் பங்குத்தந்தை ஒல்லியான மனிதர், தடித்த கண்ணாடி. எல்லாச் சீட்டையும் வாசித்துவிட்டு, அங்கிப் பையிலிருந்து ஒன்றை எடுப்பார். அதற்கு மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். வருஷாவருஷம் ஒரே ஆணின் பெயர்.

ஒருமுறை பூசை முடிந்ததும் கேட்டேன். "தம்பியா ஃபாதர்?"

"இல்ல. நான் காதலிச்ச ஆளு. எங்களப்போல உள்ளவங்க ஒளிஞ்சுதான் சாகணுமான்னு பிஷப்புக்கும் எழுதியாச்சு."

"இந்தச் சபையே வேண்டாம்னு தோணலையா?"

"எதுக்கு? ஞானஸ்நானம் எனக்கும்தானே குடுத்தாங்க."

இப்போது வேறு பங்குத்தந்தை. பழையவர் எங்கே என்று யாரும் சொல்வதில்லை. இந்த வருஷம் அவர் வாசித்த அந்தப் பெயரையும் என் அப்பாவின் பெயரையும் தனித்தனிச் சீட்டில் நான் எழுதிக்கொண்டு போனேன். வரிசையில் பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார். அப்பாவின் பெயரை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு, மற்றதைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.