தொட்டிக்குப் போட்ட கணக்கு

எண்பதுகளில் பிறை என்ற ஊரில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். ஜார்ஜ்டவுனிலிருந்து தினமும் கடல் தாண்டி ஃபெரியில் போய் வருவேன். படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். பெயின்ட்டில் சுவரை மறைக்கிற வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் கண்ணாடி ஜாடியில் சின்னத் துடுப்பால் சுழலவிட்டேன். அடியில் ஒரு துகள்கூடத் தங்கவில்லை. பெரிய தொட்டியை ஓட்டப்போகிற அண்ணன் குனிந்து பார்த்து, "அடேயப்பா, சூப்பர்லா தங்கச்சி!" என்றார்.

தொட்டி ஜாடியைவிடப் பத்து மடங்கு அகலம். கலக்கும் துடுப்பும் அதற்கேற்பப் பெரியது. துடுப்பின் நுனி ஜாடியிலும் தொட்டியிலும் ஒரே வேகத்தில் போனால் போதும் என்று கணக்குப் போட்டு, நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணன் அதைத் துளியும் மாற்றவில்லை.

சில வாரங்களில் டின்கள் திரும்பி வந்தன. எத்தனை பூச்சு அடித்தாலும் சுவர் தெரிகிறதாம். தொட்டியை வடித்தால் அடியில் முழங்கால் உயரத்துக்குப் பொடி இறுகிக் கிடக்கிறது. "சாப்பிடப் போறப்ப மோட்டார ஆஃப் பண்ணியிருக்கான்," என்று மேனேஜர் முடிவே கட்டிவிட்டார். அநியாயம்! அந்த மனிதர் சோற்றுப் பொட்டலத்தைத் தொட்டி பக்கத்தில் வைத்துத்தான் பிரிப்பார்.

புத்தகத்தைப் புரட்டினேன். தலையில் அடித்துக்கொண்டேன். கனமான பொடி அடியில் தங்காமலிருக்க அதே நுனி வேகம் போதாது. தொட்டி பெரிதாகப் பெரிதாக அதுவும் கூட வேண்டும். மேனேஜரிடம் போய்க் கத்தினேன்.

"கணக்கு தப்புன்னா புது மோட்டார் கேக்கணும், மேல பதில் சொல்லணும். ஆள மாத்துறது ஈஸிலா," என்றார். மறுநாள் அண்ணனை நிறுத்திவிட்டார்கள். புதிதாக வந்தவருக்கும் அதே மோட்டார், நான் எழுதிக் கொடுத்த அதே சுற்று.

ஞாயிற்றுக்கிழமை சூலியா தெருவில் அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணே, தப்பு என்னோடது. நீங்க ஒண்ணுமே பண்ணல."

"சமாதானம் சொல்லாதீங்க தங்கச்சி. ஜாடியில நீங்க செஞ்சத நான் கண்ணால பாத்தேன்லா. நான்தான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்."

தாளில் எழுதிக் காட்டினேன். கோபப்பட்டேன். கடைசியில் அழுதேவிட்டேன். அவர் மனைவி பக்கம் திரும்பி, "பாத்தியா, என் வேலைக்காகப் பழியத் தன் தலையில போட்டுக்குது, பாவம்," என்றார்.