தாராத் தொட்டிக்கு அரை வாளி

கலியாணம் செய்த முதல் வருடம் என் மனைவியிடம் நான் ஏச்சு வாங்காத நாளில்லை. செருப்போடு குசினிக்குள் போனதற்கு ஏச்சு. சைக்கிளைச் செவ்வரத்தம் செடியில் சாத்தியதற்கு ஏச்சு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடக்குகிற குரலில் வீட்டிலும் கதைத்ததற்கு ஏச்சு. எங்கள் முதற்பிள்ளை பிறந்து பதினொரு நாளில் போய்விட்டது. அதோடு ஏச்சும் நின்றது. கோயிலுக்குப் போவோமா என்றால் “ஓம்” என்பாள். இன்றைக்கு வேண்டாம் என்றாலும் “ஓம்” என்பாள். அழவுமில்லை. அந்த ஓமைக் கேட்கக் கேட்க எனக்குப் பயமாக இருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. புங்குடுதீவில் என் தாய் தகப்பன் விட்டுப்போன வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண்ணில் பிறந்தவள். அங்கே துலாவில் இறைத்த தண்ணீர் நாள் முழுக்க வாய்க்காலில் ஓடும். நான் தீவான். எங்கள் வளவுக் கிணறு உவர். நல்ல தண்ணீருக்கு அரை மைல் தள்ளியிருந்த பொதுக் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். ஆடி ஆவணியில் அதுவும் அடிக்குப் போய்விடும். அந்த மாதங்களில் வீட்டுக்கு மூன்று குடம் என்பது ஊர் வழமை. எவரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் நாலாவது குடத்தை நிரப்ப ஒருவருக்கும் கை வராது.

நான் சைக்கிளில் கட்டிக் கொண்டுவரும் மூன்றில் இரண்டு குடம் குடிக்கவும் சமைக்கவும் போகும். மூன்றாவதை ஆளுக்கு அரை வாளியாகப் பிரிப்போம். உவர்த் தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசியில் அந்த அரை வாளியைத் தலையில் ஊற்றிக்கொள்வோம். ஊற்றாவிட்டால் தலைமயிர் தும்புக்கயிறு மாதிரி ஆகிவிடும். தண்ணீர் விஷயத்தில் நான் பெரிய கஞ்சன். அவள் கை கழுவும்போதுகூடப் பக்கத்தில் நின்று பார்ப்பேன்.

சித்திரை கழிய அவளுடைய தம்பி கோப்பாயிலிருந்து வந்தான். கையில் ஒரு பனையோலைக் கடகம், அதற்குள் நாலு தாராக் குஞ்சுகள். வாத்தைத்தான் எங்கள் பக்கத்தில் தாரா என்போம். அக்காவுக்குப் பொழுதுபோகட்டும் என்று பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அவள் கடகத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

“தலை அமிழத் தண்ணி வேணும். இல்லாட்டி இதுகளுக்குக் கண் அடைச்சுப் போம்” என்றாள்.

அத்தனை நாளில் அவள் தானாகப் பேசிய முதல் பேச்சு அது. நான் அடுத்த நாளே தேசிமரத்தடியில் கிடங்கு வெட்டி, கல் அடுக்கி, வீட்டில் மிஞ்சிக் கிடந்த சீமெந்தால் பூசி முழங்காலளவில் ஒரு தொட்டி கட்டினேன். கட்டியதெல்லாம் சரி. நிரப்பியது வளவுக் கிணற்றுத் தண்ணீரால்.

“உவரெல்லோ?” என்றாள்.

“தாராதானே. கடலிலயே நீந்துற சாதி” என்றேன். கடற்றொழிலுக்குப் போகும் அயல்வீட்டு அண்ணையும் வேலிக்கு மேலால் தலையாட்டினார். கடலைச் சுற்றிலும் வைத்துக்கொண்டு வாழ்கிற எங்களுக்கு, நீந்துகிற எதுவும் உப்புக்குப் பயப்படும் என்று தோன்றவில்லை. அவள் “ஓம்” என்றாள்.

வெயில் ஏற ஏறக் கிணறு வற்றி, உப்பும் கூடியது. ஆடி மாதம் ஒரு தாரா கால் பின்னி விழுந்தது. இரண்டாம் நாள் செத்துப்போனது. பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த வெள்ளைத் துணியொன்றில் சுற்றி அவளே அதைப் புதைத்தாள். நான் கண்டேன்.

மற்ற மூன்றும் அதன்பிறகு தேறிவிட்டன. என்னவோ நல்ல காலம் என்று நினைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துத்தான் அவளுடைய பின்னலைப் பார்த்தேன். உப்பேறி, சிக்குப் பிடித்து, தடி மாதிரிக் கிடந்தது. அன்று பின்னேரம் ஒளித்து நின்று பார்த்தேன். கிணற்றடியில் உவரில் மட்டும் முழுகிவிட்டு, தன் பங்கு அரை வாளியைக் கொண்டுபோய், உவரை இறைத்துக் கொட்டியிருந்த தொட்டிக்குள் ஊற்றினாள். மூன்று தாராவும் தலையை அமிழ்த்தி அமிழ்த்தி எடுத்தன.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “மனிசருக்கில்லாத தண்ணி தாராவுக்கோ? ஊர் கண்டால் என்ன சொல்லும்? நாளைக்குக் காலமை பஸ்ஸில ஏத்தி உம்மட வீட்டுக்கே அனுப்பும்.”

“ஓம்” என்றாள்.

திருப்பி ஒரு வார்த்தை ஏசியிருந்தால் நான் அடங்கியிருப்பேன்.

காலையில் எழும்பியபோது வாசற்கதவடியில் அந்தக் கடகம் இருந்தது. குஞ்சுகள் வளர்ந்துவிட்டதால் இடம் போதாதென்று மூடியைக் கழற்றி, அடியில் பழஞ்சேலைத் துண்டை மடித்து விரித்திருந்தாள். குசினிக்குள் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்த அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. கடகம் இருந்த அந்த வாசலால்தான் பிள்ளையைக் கொண்டுபோனோம். அப்போதும் அவள் “ஓம்” என்றுதான் சொன்னாள்.

கிணற்றடிக்குப் போனேன். உவரில் முழுகினேன், சவர்க்காரம் போட்டேன், கழுவினேன். என் பங்கு அரை வாளியைத் தூக்கியபோது ஒரு எண்ணம் வந்தது. தலையில் ஊற்றுகிற தண்ணீர் கல்லில் விழுந்து மண்ணுக்குள்தானே போகிறது. வழியில் தாராவுக்குக் கிடைத்தால் யாருக்கு நட்டம்?

ஈரச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினேன். இத்தனை நாளாய் அவள் ஊற்றிச் சேர்த்தது கணுக்காலளவு கிடந்தது. தாராக்கள் கத்திக்கொண்டு கரையேறின. ஒன்று மட்டும் நின்று என் காலைக் கொத்தியது. ஐந்தாம் வகுப்பு வாத்தியார் நான் வாளியைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

“இஞ்சருங்கோ.”

குசினி வாசலில் அவள் நின்றாள்.

“காதுக்குப் பின்னால சவர்க்காரம். கழுத்திலயும் கிடக்கு. அதுகள் குடிக்கிற தண்ணியெல்லோ அது? ஒரு வேலையாவது ஒழுங்காச் செய்யத் தெரியுமோ? பிள்ளையளுக்குச் சுத்தம் படிப்பிக்கிறாராம். வெளியில ஏறுங்கோ, போய்க் கழுவிப்போட்டு வாங்கோ.”

அவள் ஏசி ஐந்து மாதம். வாளியைத் தொட்டியடியில் வைத்துவிட்டு, விரலால் எண்ணிப் பார்த்துக்கொண்டே கிணற்றடிக்குப் போனேன். காதின் பின்னாலும் கழுத்திலும் மூன்று முறை கழுவினேன். இறைக்கிற வாளி கிணற்றுக் கல்லில் இரண்டு தரம் முட்டியது.

திரும்பி வந்தபோது கதவடியில் கடகம் இல்லை. தொட்டியருகே அவள் என் அரை வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“குனியுங்கோ. நீங்கள் ஊத்தினால் பாதி வெளியில போம்.”

தொட்டிக்குள் நின்று குனிந்தேன். ஒரு சொட்டு வெளியே போகாமல் மெதுவாக ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே ஏசினாள். சைக்கிளுக்காக, செருப்புக்காக, உவர்த் தண்ணீருக்காக, செத்த தாராவுக்காக. தண்ணீர் முடிந்தும் ஏச்சு முடியவில்லை. நான் நிமிரவில்லை.