மகள் வாய்க்கு எடுத்த அளவு

என் மகளுக்குத் தொட்டில் சட்டையில இருந்து பள்ளிக்கூட யூனிபார்ம் வரைக்கும் அளவு எடுத்தது நான்தான். தூத்துக்குடியில ஹார்பர் ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி எனக்கு ஒரு தையக்கடை இருக்கு. ப்ளவுஸ், சுடிதார்னு ஓடும். காயல்பட்டினத்துல கல்யாணம்னு வந்துட்டா மூச்சு விட நேரம் இருக்காது. அவ அப்பாவுக்கு மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போற தோணியில வேலை. மாசத்துல பாதி நாளு வீட்டுல நானும் அவளும்தான். அதனால அவ முழுசா என் புள்ளன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். பாக்ஸிங் வந்துச்சு, பாதிப் புள்ள போச்சு.

பாக்ஸிங்கக்கூட மன்னிச்சிருவேன். அந்த மேடத்தத்தான் மன்னிக்க முடியல. மேடம்னா அவளோட கோச்சு. உப்புக் குடோனுக்குப் பின்னால தகரக் கொட்டகை போட்டு, பொம்பளப் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கா. முப்பது வயசுகூட இருக்காது. முன்னால ரெண்டு பல்லு கட்டுன பல்லு. வெளையாட ஆரம்பிச்ச காலத்துல வாயில கார்டு போடாம சண்டைக்கு நின்னு போனதாம். அதச் சிரிச்சுக்கிட்டே வேற காட்டுவா. வீட்டுக்கு வந்தா என் மக வாயில மேடம் புராணந்தான். மேடம் முட்டையில வெள்ளக்கரு மட்டும் திங்கச் சொன்னாங்க. மேடம் முடிய வெட்டச் சொன்னாங்க. எண்ணெ தேச்சுத் தேச்சு நான் வளத்த முடி அது. பெத்தவ நான், பேரு அவளுக்கு. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. சுத்தி வளச்சு என்னத்துக்குச் சொல்லணும், பொறாமைதான்.

அப்பம்தான் இந்தக் கார்டு சமாச்சாரம் வந்துச்சு. அடி விழும்போது பல்லு போகாம இருக்க வாயில மாட்டிக்கிடுவாங்கல்லா, அது. அவகிட்ட இருந்தது கடையில வாங்குனது. வெந்நீர்ல போட்டு எளக்கி, ஒரு கடி கடிச்சா சரியாப் போச்சும்பாங்க. எங்கன சரியாப் போச்சு? வாயத் தொறந்தா கீழ விழுது. விழாம இருக்க எந்நேரமும் பல்லக் கடிச்சுக்கிட்டே இருக்கணும். மூச்சு வாங்க முடியல. மாநிலப் போட்டிக்கு இது ஆகாது, பல் டாக்டர்கிட்ட அளவு குடுத்துத்தான் செய்யணும்னு மேடம் சொல்லிட்டா.

அளவுன்னதும் எனக்கு ரோஷம் வந்துருச்சு. நானும் வாரேன்னேன்.

"நீ எதுக்கும்மா? கடையப் பாரு. மேடம் கூட்டிட்டுப் போவாங்க."

கடைக்குப் பூட்டுப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன்.

டாக்டர் சின்ன வயசுதான், பொறுமையாச் சொன்னாரு. மேல்பல்லுக்கு அச்சு எடுக்கணும். அந்த அச்சுல மாவக் கரச்சு ஊத்துனா இவ பல்லு வரிச அப்படியே கெடைக்கும். அது மேல சூடான பிளாஸ்டிக் ஷீட்ட இழுத்து ஒட்ட வைக்கணும். நான் கேட்டுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

"தம்பி, வளர்ற புள்ள. கொஞ்சம் லூசு வச்சே தைங்க. உள்ள துணி விட்டு வச்சீங்கன்னா பெறவு பிரிச்சு விட்டுக்கிடலாம்லா?"

டாக்டர் பாவம், சிரிக்கல. மேடம்தான் சிரிச்சா. "அக்கா, இது பல்லோட பல்லா ஒட்டி நிக்கணும். லூசா இருந்தா அடி விழும்போது தொண்டைக்குள்ள போயிரும். வளந்தா வேற புதுசுதான் செய்யணும்." மக எனக்குச் சம்பந்தமே இல்லாத மாதிரி ஜன்னலப் பாத்துக்கிட்டு இருந்தா.

அடுத்து கலர் கேட்டாரு. இதுல எவளும் என்ன ஜெயிக்க முடியாதுன்னு நெனச்சேன். "செவப்பு. அவளுக்குச் செவப்புன்னா உசுரு. வேற கலர்ல சட்ட தச்சா போடவே மாட்டா."

"செவப்பு ஆகாதுக்கா" மேடம் சொல்லுதா. "ரத்தம் வந்தா ரெப்ரி கண்ணுக்குத் தெரியாது. ரூல்லயே விட மாட்டாங்க." ரத்தங்கிற வார்த்தைய உப்பு, புளின்னு சொல்லுத மாதிரி சொன்னா. அதையும் பொறுத்துக்கிட்டேன். பொறுக்க முடியாதது மக சொன்னதுதான்.

"எனக்கு இப்பம்லாம் செவப்பு பிடிக்காதும்மா. நீலம்."

எப்பம் இருந்துளான்னு கேட்டேன். ரொம்ப நாளாச்சுன்னா. மேடம் ஏற்கெனவே நீலத்து மேல வெரல வச்சுக்கிட்டு நிக்கா.

பெறவு அச்சு எடுத்தாங்க. ஒரு இரும்புக் கரண்டி நெறைய ரோஸ் கலர்ல பசைய வச்சு வாய்க்குள்ள அமுக்குனாரு. மக ஓங்கரிச்சா. கண்ணுல தண்ணி கொட்டுது. நான் பதறிப் போயி கைய நீட்டுனேன். அந்தப் பக்கம் நின்ன மேடம் பதறல. "மூக்கால மூச்சு விடு. வலது காலத் தூக்கு. காலையே நெனச்சுக்கிட்டு இரு." காலத் தூக்குனா, ஓங்கரிப்பும் நின்னுச்சு. கண்ண மூடிக்கிட்டே கையால தொழாவுனா. தொழாவி மேடம் கையப் பிடிச்சுக்கிட்டா. என் கை நாற்காலி ஓரத்துல சும்மா கெடந்துச்சு.

மறுநாளு கடைக்கு வந்த பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லி மனச ஆத்திக்கிட்டேன். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதானளா"ன்னுட்டு அவ பாட்டுக்கு ப்ளவுஸ வாங்கிக்கிட்டுப் போயிட்டா.

கார்டு வந்துச்சு. போட்டா பல்லுல கவ்வி நின்னுச்சு. அதப் போட்டுக்கிட்டே பேசுதா, தண்ணி குடிக்கா. நல்லாத்தான் செஞ்சிருந்தாரு. நான் அன்னையில இருந்து சாயங்காலம் கடையச் சாத்திட்டு, ஹூக்கு கட்ட வேண்டிய ப்ளவுஸுகள எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்கே போக ஆரம்பிச்சேன்.

போயிருக்கக் கூடாது. ஒவ்வொரு ரவுண்டு முடியவும் மணி அடிக்கும். ரெண்டு கையிலயும் க்ளவுஸ் இருக்கதால அவளால கார்ட எடுக்க முடியாது. மக மேடத்துக்கு முன்னால வந்து நின்னு வாயத் தொறப்பா. மேடம் வெரல விட்டு அத எடுப்பா, தண்ணி ஊத்தி அலசுவா, அவளுக்கு ஒரு மொடக்குக் குடுப்பா, திரும்ப உள்ள வச்சு அமுக்குவா. அந்த வாயில சோத்த உருட்டிப் போட்டவ நான். இப்பம் நான் ஊட்டப் போனா "நானே திங்கேன், வை"ன்னு சொல்லுத வாயி அது. அங்கன கேக்காமலே தொறக்கு. ஊசி என் வெரல்லயே ஏறுச்சு.

போட்டிக்கு முந்துன வாரம் அவ எடைக்குச் சரியான புள்ள வரலன்னு மேடமே க்ளவுஸப் போட்டுக்கிட்டு எறங்குனா. மொத ரவுண்டு முடிஞ்சு மணி அடிச்சுது. இவ வந்து நிக்கா. மேடம் கையிலயும் க்ளவுஸ்.

"அக்கா, கொஞ்சம் வந்து இவ கார்ட எடுத்து அலசி விடுங்க."

ப்ளவுஸ் எங்கன விழுந்துச்சுன்னு பாக்கல. ஓடுனேன். மக எனக்கு வாயத் தொறந்தா. வெரல விட்டு எடுத்தேன். சூடா இருந்துச்சு, எச்சி நூலா வந்துச்சு. யாரு கைன்னு பாத்துக்கோன்னு மேடத்த ஒரு பார்வ பாத்தேன். பெறவுதான் கையப் பாத்தேன். நீலத்து ஓரத்துல ரத்தம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. மகளுக்குக் கீழ் உதடு வீங்கிப் போயிருந்துச்சு.

அலசுனேன். தண்ணி குடுத்தேன். மணி அடிச்சுது. திரும்பவும் வாயத் தொறந்துக்கிட்டு நிக்கா. எடுக்கப் போன கை, வைக்கப் போகல. இத வச்சா திரும்ப அடி வாங்கத்தான போவா? கார்டக் கைக்குள்ள வச்சு மூடிக்கிட்டேன்.

"போதும்ளா. வீட்டுக்கு வா."

"வைம்மா."

"மாட்டேன்."

அவ கோவப்படல. சாதாரணமாத்தான் சொன்னா. "நீ வைக்கலன்னா மேடம் வைப்பாங்கம்மா."

அங்கன மேடம் க்ளவுஸக் கழத்த, பட்டியப் பல்லால கடிச்சு இழுத்துக்கிட்டு இருந்தா.

நான் வச்சேன். மக தாடையப் பிடிச்சு, உள்ள வச்சு, பெருவெரலால அமுக்கி விட்டேன். அவ நடுவுக்குப் போனா. மேடத்தோட மொதக் குத்து வாயிலதான் விழுந்துச்சு. நான் தண்ணி பாட்டில எடுத்துக்கிட்டு அந்த மூலையிலயே நின்னேன், அடுத்த மணிக்கு வேற யாரும் வந்துறக் கூடாதுன்னு.