அண்ணனின் ப்ளஸ் சி

என் அண்ணன் கால்குலஸில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன். இரண்டு முறையும் முப்பத்தொன்பது மார்க். நாற்பது எடுத்தால்தான் பாஸ். எல்லாம் ஒரு வாலால் வந்த வினை. இன்டக்ரேஷன் கணக்குப் போட்டால் விடைக்குப் பின்னால் 'ப்ளஸ் சி' என்று எழுத வேண்டுமாம். அந்த சி எவ்வளவு என்று எழுதுகிறவனுக்கும் தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது. ஆனால் எழுதாவிட்டால் மார்க் போச்சு. அண்ணன் அதைத்தான் மறப்பான். சோற்றில் உப்பை மறந்தால் மட்டும் ஊரைக் கூட்டுவான்.

அப்பா சலூன் வைத்திருக்கிறார். "மூணாவது தடவையும் போச்சுன்னா படிச்சது போதும், கடைக்கு வந்து கத்திரியப் புடி" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். முன்பு ஒருநாள் அண்ணனை நம்பிக் கடையை விட்டுப் போனதில், தபால்காரர் பாதி மீசையோடு வீடு வீடாகக் கடிதம் கொடுத்தார்.

அண்ணனுக்கு வைராக்கியம் வந்தது. தொட்டதற்கெல்லாம் ப்ளஸ் சி. மளிகைச் சீட்டில்கூட 'சர்க்கரை ஒரு கிலோ ப்ளஸ் சி' என்று எழுதினான். கடைக்காரரிடம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தேர்விலும் ஒரு விடையை விடவில்லை. எல்லை கொடுத்த கணக்கில் சி வரவே கூடாதாம். அதற்கும் போட்டு வைத்தான். மறுபடியும் முப்பத்தொன்பது. அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, நான் சிரித்தேன்.

அண்ணன் விடைத்தாளைத் திருத்திய பேராசிரியரிடம் ஓடினான்.

"சார், முப்பத்தொன்பது ப்ளஸ் சின்னு வச்சுக்கக் கூடாதா?"

"தாராளமா வச்சுக்கோ. உன்னோட சி பூஜ்யம்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே அண்ணன் கடையில் நின்றான். நான் சாப்பாடு கொண்டு போனபோது ஒரே கூட்டம். அப்பா ஒருவருக்குச் சவரத்தில் பாதியில் இருந்தார். பேராசிரியர் உள்ளே வந்தார், யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் காலி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"மீசைய லேசா ஒதுக்கினா போதும்பா."

அண்ணன் ஒதுக்கினான். "அடப்பாவி!" என்று அப்பா கத்திய பிறகுதான் பேராசிரியர் கண்ணைத் திறந்தார். வலது பக்கம் மீசை இருந்தது. இடது பக்கம் உதடு மட்டும் இருந்தது.

"பதறாதீங்க சார், அந்தப் பக்கத்தையும் சமமாக்கிடறேன்" என்று அண்ணன் கத்திரியைத் தூக்கினான்.

பேராசிரியர் அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கத்திரியக் கீழ வை தம்பி. நாளைக்கே மறுமதிப்பீட்டுக்கு எழுதிக் குடு. உன்னோட சி ஒண்ணு."