முங்கு கப்பலுக்கு நான் கடைந்த காத்தாடி

எங்கள் மாமியார் வீட்டில் மீன் தலை யார் தட்டில் விழுகிறதோ அவர்தான் அன்றைக்கு ராஜா. கல்யாணமான புதிதில் இரண்டு வருடம் அது என் தட்டில்தான் விழுந்தது. அப்புறம் மாமி இளைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். அவன் வந்து பாயில் உட்கார்ந்த முதல் வெள்ளிக்கிழமையே தலை அவன் பக்கம் போய்விட்டது. புது மாப்பிள்ளை, நாலு நாள் போகட்டும் என்று பொறுத்தேன். நாலு வருடம் ஆகியும் திரும்பி வரவில்லை.

எங்கள் ஆட்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேற வேண்டும். அதனால் சகலைகள் இருவரும் கொச்சி மட்டாஞ்சேரியில் மாமாவின் கயிற்றுக் கடைக்கு மேலே, ஒரே கூடத்தைப் பார்த்த இரண்டு அறைகளில் இருந்தோம். நான் படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினேன். படகு எஞ்சின் சாமான், வள்ளத்துக்கு ஆணி, அச்சு என்று எது கேட்டாலும் கடைந்து கொடுப்பேன். அவன் சுக்குக் கிடங்கில் குமாஸ்தா. நாள் முழுக்க மூட்டைக்கு நம்பர் போடுகிற வேலை. ஆனால் படம் வரைவான். அதுதான் எனக்கு வந்த வினை.

அறுபதுகளின் நடுவில் நம் நாட்டுக்கும் நீர்மூழ்கிக் கப்பல் வரப்போகிறது என்று பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. கப்பல்காரர்கள் போட்டுவிட்டுப் போன வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று பழைய பேப்பர் கடையில் அவன் கையில் சிக்கியது. அதில் ஒரு நீர்மூழ்கியின் படம், பக்கவாட்டிலும் மேலிருந்தும். இவன் அதைப் பெரிதாக வரைந்து, எண்பதில் ஒரு பங்காகச் சுருக்கி மூன்றடி நீளத்தில் ஒன்று செய்யப்போகிறேன் என்று கிளம்பினான். உடம்பு தகரம். வளைத்து ஈயப்பற்று வைப்பதைத் தெருமுனைத் தகரக்காரரிடம் கற்றுக்கொண்டான். உள்ளே பழைய கிராமபோன் பெட்டியின் சுருள்வில். சாவி கொடுத்தால் வால் பக்கத்துக் காத்தாடி சுற்றும், பக்கச் சிறகு சாய்ந்திருப்பதால் கப்பல் முன்னால் போகும்போதே தண்ணீருக்குள் இறங்கும், வில் ஓய்ந்ததும் தானாக மேலே வரும். யோசனை நல்ல யோசனைதான். எனக்குத் தோன்றவில்லையே என்றுதான் முதலில் எரிந்தது.

மற்ற சாமான் எதுவும் கடையில் கிடைக்காதே? நேராக என்னிடம் வந்தான்.

"காக்கா, நீங்க மனசு வெச்சாத்தான் இது கப்பல். இல்லன்னா வெறும் தகரக் குழாய்."

காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். இப்படி வாய் நிறையக் கூப்பிட்டால் எப்படி மாட்டேன் என்பது? பட்டறை வேலை முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம், ஏழு மாதம். முக்கால் அங்குலப் பித்தளைக் காத்தாடி இரண்டு, ஒன்று வலது சுற்று, ஒன்று இடது சுற்று. ஒவ்வொரு இதழையும் அரத்தால் ராவி எடுத்தேன். மேல்தளக் கம்பிக்கு அரை அங்குலத் தூண்கள் நாற்பத்திரண்டு, ஒவ்வொன்றிலும் ஊசி நுழைகிற துளை. மூடித் திறக்கிற வாசல் மூடிகள். ஏறி இறங்கும் பெரிஸ்கோப். அச்சு வெளியே வருகிற இடத்தில் தண்ணீர் கசியாமல் இருக்கத் தோல் வாஷர் வைத்து நான் கடைந்த பித்தளைப் பூண் இருக்கிறதே, அப்படி ஒன்றை அதற்கப்புறம் நானே செய்ததில்லை.

பெயர் யாருக்கு? "எளைய மாப்ளயோட முங்கு கப்பல்." தெருவே அப்படித்தான் சொன்னது. மாமா கடைக்கு வருகிறவர்களைக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்து காட்டுவார். என்னைப் பார்த்ததும், "இவரும் கொஞ்சம் ஒத்தாசை செஞ்சாரு" என்பார். கொஞ்சம்! நாற்பத்திரண்டு தூண் கொஞ்சமா?

சித்திரையில், துறையின் கல்படியில் வைத்து அதைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தோம். ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக அடியில் செருகினான். முதுகில் நிற்கும் சின்னக் கோபுரத்தின் நுனி மட்டும் விரற்கடை தெரிகிற அளவுக்குக் கப்பல் அமிழ்ந்து நின்றது. அதற்குமேல் ஒரு துண்டு போட்டாலும் அடியோடு போய்விடும், அவ்வளவு நூல் பிடித்த கணக்கு. சாவி கொடுத்து விட்டான். மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு உள்ளே போனது. சுமை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்று பார்த்தார்கள். எங்கோ பத்தடி தள்ளி அது பளிச்சென்று தலை நீட்டியதும் துறையே கூவியது. எனக்கும் கை தட்டத் தோன்றியது. தட்டவில்லை.

எர்ணாகுளத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் கண்காட்சி வந்தது. துறைமுகப் பட்டறை எஞ்சினியர் ஒருவர் பார்க்க வருகிறார், படம் வரையவும் மாதிரி செய்யவும் ஓர் ஆள் தேடுகிறார் என்று கேள்வி. கப்பல் ஒழுங்காக முங்கி எழுந்தால் சகலைக்கு அந்த வேலை. சுக்குத் தூசியில் இருமிக்கொண்டிருந்தவனுக்கு அதுதான் தப்பிக்க ஒரே வழி. வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

போக இரண்டு நாள் இருக்கும்போது பட்டறைக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் பல்.

"காக்கா, அங்க சிமெண்ட் தொட்டி கட்டிருக்காங்க. முழுசும் பைப் தண்ணியாம்! அடி வரைக்கும் தெரியுமாம்!"

லேத்தில் ஓடிக்கொண்டிருந்த என் கை நின்றது.

ஆற்றுப் பக்கமிருந்து கல் ஏற்றி வரும் வள்ளங்களை நான் தினம் பார்க்கிறவன். ஆற்றின் நல்ல தண்ணீரில் விளிம்பு வரை அமிழ்ந்து வரும். எங்கள் உப்புத் தண்ணீருக்குள் நுழைந்ததும் ஒரு விரல் எழும்பி நிற்கும். உப்புத் தண்ணீர் தூக்கும், நல்ல தண்ணீர் தூக்காது. வள்ளக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. சுக்குக் கிடங்கில் உட்கார்ந்து நம்பர் போடுகிறவனுக்கு எப்படித் தெரியும்? மட்டாஞ்சேரியில் கிணறே உப்பு. நல்ல தண்ணீர் குழாயடியில் வரிசையில் நின்று குடத்தில் வருவது. ஒரு தொட்டி நிறைய அதை ஊற்றிப் பொம்மைக் கப்பல் விட்டுப் பார்க்கிறேன் என்று எவனாவது சொன்னால் மாமி துடைப்பத்தை எடுத்திருப்பார்.

இரண்டு ஈயத் துண்டை எடுத்துவிடு. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது.

அன்று காலைதான் என் மனைவி சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே, "தம்பிக்கு அந்த வேல கெடச்சிட்டா வாப்பா ஊருக்கே சோறு போடுவாங்க. என்ன மூள பாருங்க!" என்றாள். ஏழு மாதம் பித்தளைத் தூளைத் தின்றவன் நான். என்ன கை பாருங்க என்று ஒரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா அவள்?

"கப்பல் நல்லாத் தெரியும்ல?" என்று கேட்டான்.

"தெரியும். நல்லாவே தெரியும்" என்றேன்.

கண்காட்சியில் நல்ல கூட்டம். மாமா வெள்ளைச் சட்டை, அத்தர் சகிதம் முன்னால் நின்றார். எஞ்சினியர் குனிந்து என் தூண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரிஸ்கோப்பை ஏற்றி இறக்கினார். சகலை தண்ணீருக்கு மேலேயே சாவி கொடுத்து, கையால் தாங்கி இறக்கி, விட்டான். கப்பல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கைதட்டல். கண்ணாடி போன்ற தண்ணீரில் இரண்டு காத்தாடியும் மின்னிக்கொண்டு சுற்றின. பிறகு மெதுவாகின. நின்றன. கப்பல் அடித் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது.

எல்லோரும் காத்திருந்தார்கள். அது எழவில்லை.

"முங்ஙிப் போயே!" என்று யாரோ மலையாளத்தில் கத்தினார்கள். சிரிப்பு. எஞ்சினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

மாமா சட்டென்று என் பக்கம் திரும்பினார். "நீ கடைஞ்ச சாமான்லதான் எங்கயோ தண்ணி கேறிருக்கு. ஒழுங்கா செஞ்சியா இல்லியா?"

அத்தனை பேர் முன்னால். என் பூணிலா தண்ணீர் கசியும்? இது பைப் தண்ணி மாமா, உப்பில்ல, அதான் முங்கிருச்சு என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால், இது உனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்களே.

அதற்குள் சகலை சட்டையோடு தொட்டிக்குள் இறங்கிக் கப்பலை எடுத்துவிட்டான். தரையில் மண்டியிட்டு, மேல்மூடித் திருகுகளைக் கழற்றி, உள்ளே விரலை விட்டுத் துழாவி மாமாவிடம் நீட்டினான். விரல் காய்ந்திருந்தது.

"மாமா, காக்காவ ஒண்ணும் சொல்லாதீங்க. ஒரு சொட்டு கேறல. அவங்க வேலைல குத்தம் வராது. எங்கயோ என் கணக்குதான் தப்பு." பிறகு என்னைப் பார்த்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஏன் முங்குச்சுன்னு வெளங்கலியே. ஒங்களுக்கு எதாவது தோணுதா காக்கா?"

எஞ்சினியர் இன்னும் இரண்டடி தூரத்தில்தான் நின்றார். அப்போது சொல்லியிருந்தாலும் போதும். ஈயத்தை எடுத்துவிட்டு இன்னொரு முறை விட்டிருக்கலாம்.

"தோணல" என்றேன்.

எஞ்சினியர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

திரும்பி வரும்போது போட்டில் அவன் மடியில் கப்பலை வைத்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். அலை தெறித்து உதட்டில் பட்டது. நாக்கால் துடைத்தான். மெதுவாகக் குனிந்து காயலில் கையை விட்டு, விரலை மறுபடி நாக்கில் வைத்தான். எதிரே கல் ஏற்றிய வள்ளம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"காக்கா, நீங்க தெனமும் வள்ளத்தோட கெடக்குறவங்க..."

மேலே கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் என்னிடமே சொல்லிக்கொள்கிறேன். பதினெட்டு வருடம் அதே கிடங்கில் இருமினான். என்னிடம் ஒரு ஆணிகூடக் கடையக் கேட்கவில்லை.

கண்காட்சி அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவன் அறையை விட்டு வரவில்லை. பசியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். மாமி சட்டியைத் துழாவி, சிறிது யோசித்து, மீன் தலையை என் தட்டில் போட்டார்.

நான் அதைச் சாப்பிட்டேன்.