அத்தை காதில் சொன்ன பெயர்

கல்யாணமாகி வந்த அன்றே பகுளின் பெயரைப் பிடுங்கிவிட்டார்கள். தட்டில் அரிசியைப் பரப்பி, மாப்பிள்ளை கையில் தங்க மோதிரத்தைக் கொடுத்து, மனைவிக்குப் புதுப் பெயர் எழுதச் சொன்னார்கள். அவர் 'வந்தனா' என்று எழுதினார். மராட்டியத்தில் எங்கள் கொய்னா ஆற்றங்கரையில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எனக்கும் நடந்தது. நான் குனிந்த தலை நிமிரவில்லை. பகுள் அப்படியில்லை. மறுநாள் அந்த அரிசியை அவளையே பொங்கச் சொன்னார்களாம்.

"அந்தப் பேரை அன்னிக்கே வேகவச்சுத் தின்னு செரிச்சாச்சு. இனி எவனும் அப்படிக் கூப்பிட வேணாம்" என்பாள். வந்தனா என்று மாமியார் எத்தனை முறை கத்தினாலும் திரும்ப மாட்டாள். பக்கத்து வீட்டிலிருந்து நான் மெதுவாக "பகுள் அக்கா" என்றால் உடனே வருவாள்.

பகுள் என்றால் மகிழம்பூ. அவளுடைய அத்தை வைத்த பெயர். எங்களில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் உரிமை அப்பாவின் அக்கா தங்கைக்குத்தான்.

கோயிலில் ஏழு நாள் கதை நடக்கும்போது மற்றவர்கள் தூங்கி வழிவார்கள். பகுள் பெயர் பொறுக்குவாள். லோபாமுத்ரா, அனசூயா, ஊர்மிளா. காட்டுக்கு விறகுக்குப் போனால் பூக்களிடமிருந்து பொறுக்குவாள். தாழம்பூவுக்கு உள்ள கேதகி என்ற பெயர் அவளுக்கு உயிர். "பொய்சாட்சி சொல்லிச்சுன்னு சிவன் தள்ளி வச்ச பூ. தள்ளி வச்சா என்ன, வாசம் போயிருச்சா?" என்று நிலக்கடலை பறித்துக்கொண்டே கேட்பாள். அவளுக்குப் பிறந்தது இரண்டும் பையன்கள். பொறுக்கிய பெயர்கள் அப்படியே கிடந்தன.

அவள் தம்பி தானாஜிக்கோ வரிசையாகப் பெண்கள். எட்டு வருடம் முன்பு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, நக்கோஷி என்று வைக்கச் சொன்னான். வேண்டாதவள் என்று அர்த்தம். அப்படி வைத்தால் அடுத்தது பையன் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் பக்கம் ஊருக்கு நாலு நக்கோஷி உண்டு. பகுள் சண்டை போட்டுப் பார்த்தாள். எல்லோரும் சேர்ந்து நெருக்கவும், தொட்டிலுக்குள் குனிந்து அந்தப் பெயரையே சொல்லிவிட்டாள். பெயர் வைத்த கூலியாகக் கிடைத்த சேலையைக் கிழித்து மாட்டுக்கொட்டகை துடைத்தாள். தம்பியைத் திட்டித் தீர்த்தாள். ஆனால் அவள் கோபம் முக்கால்வாசி தன்மேலேதான் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைப் பள்ளியில் வருகைப் பதிவு எடுக்கும்போது பையன்கள் "வேணாம், வேணாம்" என்று கூவுகிறார்களாம்.

போன சித்திரையில் நாலாவதும் பெண். பன்னிரண்டாம் நாள் பெயர் வைக்க நானும் துணைக்குப் போனேன். வாசலிலேயே தானாஜி சிரித்துக்கொண்டு சொன்னான்: "போன தடவை நீ மெல்லச் சொல்லிட்ட, சாமி காதுல விழல. இந்தத் தடவை நக்குசான்னு ஓங்கிச் சொல்லு. உனக்கென்னக்கா, ரெண்டு சிங்கம் பெத்தவ."

நக்குசா என்றாலும் அதே அர்த்தம்தான். பகுள் செருப்பை உதறிவிட்டு நேரே தொட்டிலிடம் போனாள். அவள் சண்டைக்கு நிற்காமல் போனால்தான் எனக்குப் பயம்.

தொட்டிலைச் சுற்றிப் பெண்கள் நின்றார்கள். பெயர் சொல்லும் அத்தையின் முதுகில் அடிப்பது வழக்கம் என்பதால் எல்லாக் கைகளும் ஓங்கியபடி இருந்தன. பகுள் குனிந்து குழந்தையின் காதில் முறைப்படி முதலில் "குர்ர்ர்" என்று சொல்லி, பிறகு பெயரையும் ஓதினாள். அடி விழுந்தது. அவள் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்க "சத்யபாமா" என்றாள். ஓங்கிய கைகள் நின்றுவிட்டன.

"நான் சொன்னது என்ன, நீ வச்சது என்ன?" என்று தானாஜி முன்னால் வந்தான்.

"புள்ள உன்னுது. பேரு அத்தையோடது. கிருஷ்ணன்கிட்டயே சண்டை போட்டவ பேருடா. உன்னை விட்டுருவாளா?"

அத்தை காதில் சொன்ன பெயரை அப்பன் எடுக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும். அதனால் சுண்டல் அண்டாவை எட்டி உதைத்தான். இனி இந்தப் படியை மிதிக்காதே என்றான். பிள்ளையின் பெயரைப் பதிய வந்திருந்த அங்கன்வாடி சைலா குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் இருந்தாள். முக்காட்டுக்குள்ளிருந்து பிள்ளையைப் பெற்றவள் சகு, "எழுதுங்க. சத்யபாமா" என்றாள். அவள் அந்த வீட்டில் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. சைலா எழுதினாள்.

நாங்கள் சாப்பிடாமல் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தோம். பின்னாலேயே நக்கோஷி செருப்பில்லாமல் ஓடி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"என்னை மட்டும் ஏன் அத்தை அப்படி வச்ச?"

ஊருக்கெல்லாம் பதில் வைத்திருக்கும் பகுள் தார்ச்சாலை ஓரம் புழுதியில் அப்படியே உட்கார்ந்தாள். பிள்ளையை இழுத்து, அவள் காதில் "குர்ர்ர்" என்று சொல்லி, பிறகு "பகுள்" என்றாள்.

"அது உன் பேராச்சே."

"என் ரேஷன் கார்டுல வந்தனான்னுதான் இருக்கு. இது இனி உன்னுது. பள்ளிக்கூடத்துல மாத்தற வரைக்கும் நான் விடமாட்டேன்." முதுகைத் திருப்பிக் காட்டினாள். "அடி. பேரு வச்சா அடிக்கணும்."

பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"இதென்ன அடி? எட்டு வருஷத்துக்கும் சேர்த்து அடி."

அந்தப் பிள்ளை இரண்டு கைகளையும் முஷ்டியாக்கிக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். அழுதுகொண்டே அடித்தாள். பகுள் அசையவில்லை. நான் தடுக்கவில்லை. பேருந்து வந்து நின்றது. நடத்துனர் சீக்கிரம் ஏறச் சொல்லி அதட்டினார். வேற்று ஆளிடம் நான் வாய் திறப்பதில்லை. அன்று, "கொஞ்சம் நில்லுங்க, இன்னும் முடியல" என்றேன்.